கேட்டில் சொல்லும் நாலு வார்த்தை

நவம்பர் 4

மருமகளுக்கு,

என் நர்சரியிலிருந்து ஒரு செடியைத் தூக்கிக்கொண்டு நீ போய்விட்டாய். என் மகன் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நான் தடுக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் தெருவில் பேசுவதெல்லாம் அவரவர் சேர்த்துக்கொண்டது.

போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். பில் எழுதிப் பழகிய கை இது. கடிதம் என்றால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பாலைவன ரோஜா என்று அட்டை மாட்டி நான் லோடு லோடாக விற்கும் அடினியம் வேறு, நீ கொண்டுபோனது வேறு. அவன் வருடக்கணக்கில் பூவுக்குப் பூ மகரந்தம் மாற்றி, விதை போட்டு, முளைத்ததையெல்லாம் பிடுங்கி எறிந்து, கடைசியில் நிறுத்திய ஒரே செடி அது. முதல் மொட்டைப் பார்த்துவிட்டு, "என்னடா இது, அடிப்பிடிச்ச கரிச்சட்டியாட்டம் இருக்கு" என்று நான்தான் சொன்னேன். அந்தப் பெயரே நின்றுவிட்டது. அடுத்த நாள் விரிந்தது. அப்படி ஒரு கருஞ்சிவப்பை இந்தத் தொழிலில் நான் பார்த்ததில்லை.

எனக்கு அதிலிருந்து நாலு குச்சி வேண்டும். ஒட்டுக் கட்ட. முழுச் செடியைக் கேட்கவில்லை. மொத்த வியாபாரி காத்திருக்கிறார்.

செடியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நான் சொல்லத் தேவையில்லை. அவனோடு குடித்தனம் நடத்தியவள் நீ.

மாமா

*

நவம்பர் 20

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. குச்சி தரமாட்டேன்.

காரணம் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு ஆபீஸ் ரூமில் நீங்கள் போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் வெளியே வராந்தாவில் அவர் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். "ஆமாங்க, பையன் போயிட்டான், செடி இருக்கு, செடிக்கு ஒண்ணும் ஆகல" என்றீர்கள். அப்புறம் சிரித்தீர்கள். எதற்குச் சிரித்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. மடித்த சட்டையை மறுபடியும் பிரித்து, மறுபடியும் மடித்தேன். அது மட்டும் நினைவிருக்கிறது.

இங்கேயும் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையிலேயே வேலை கிடைத்துவிட்டது. லென்ஸை ஃப்ரேமுக்கு ஏற்ற மாதிரி தேய்த்துப் பொருத்துவது. நாள் முழுக்க யாரோ ஒருவர் பார்ப்பதற்காக நான் தேய்க்கிறேன். தங்கியிருப்பது நாலாவது மாடியில் ஒற்றை அறை. ஜன்னல் ஒன்று. அதன் விளிம்பில் தொட்டி உட்கார்ந்துவிட்டால் ஜன்னலைத் திறக்க முடியாது. குளிர் என்பதால் திறக்கவும் வேண்டியதில்லை.

வந்த வாரம் ஒரு பூ இருந்தது. உதிரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நூறு தொட்டியில் நூறு வீட்டுக்குப் போவதற்கு அவர் ஒன்றும் சரக்கு இல்லை. ஒருத்தராக இருந்தார். செடியும் ஒன்றாகவே இருக்கட்டும்.

போன் செய்யாதீர்கள். போனில் நீங்கள் பேரம் பேசுவீர்கள். காகிதத்தில் அது கொஞ்சம் கஷ்டம்.

*

டிசம்பர் 2

மருமகளுக்கு,

சிரித்தேன். உண்மைதான். அந்த மொத்த வியாபாரியிடம் சிரிக்காமல் பேசினால் ஆள் பயந்துபோய் வாங்கமாட்டார். முப்பது வருடமாக என் வாய் பேச்சோடு சேர்த்துச் சிரித்துப் பழகிவிட்டது. அதை நிறுத்த எனக்கு நேரம் கிடைக்கவில்லை. கடையை மூடிவிட்டு அழ வேண்டும் என்றால், தண்ணீர் ஊற்றும் ஆட்களும் மண் கலக்கும் பெண்களும் யார் வீட்டில் போய்ச் சாப்பிடுவது? துக்கம் விசாரிக்க வந்தவர்கள்கூட போகும்போது இரண்டு தொட்டி வாங்கிக்கொண்டுதான் போனார்கள். நானும் பில் போட்டேன்.

ஆனால் நீ எழுதியதில் ஒரு கணக்கு தப்பு. ஒன்றாகவே இருக்கட்டும் என்கிறாய். செடிக்காரன் யாரும் அப்படிச் சொல்லமாட்டான். ஒரே ஒரு செடியை வைத்திருப்பவன் அதை வளர்க்கிறான் என்று அர்த்தமில்லை, அது சாகும் நாளுக்குக் காத்திருக்கிறான். எலி கடிக்கும், பனி பிடிக்கும், தொட்டி கை தவறி விழும். அதோடு போச்சு.

விதை போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதே. அடினியத்தில் விதை போட்டால் அதே பூ வராது. ரோஸ் வரும், வெள்ளை வரும், எங்கேயோ போன பாட்டன் பூ வரும், பெற்றவன் பூ வராது. அதே பூ வேண்டும் என்றால் அந்தச் செடியின் குச்சியை வேறு வேரின் தலையில் கட்ட வேண்டும். வேறு வழி கிடையாது. உன் புருஷனே உனக்கு இதைச் சொல்லியிருப்பான்.

அவன் ஒட்டுக் கட்டும் பிளேடு டப்பாவை அப்படியே வைத்திருக்கிறேன். யாரையும் தொடவிடவில்லை.

மாமா

*

டிசம்பர் 19

மாமாவுக்கு,

கேட்கக் கூடாது என்று ஒரு வாரம் இருந்தேன். இப்போது கேட்கிறேன்.

இலை பழுக்கிறது. முதலில் அடி இலைகள். இப்போது மேலேயும். தொட்டால் கையோடு வருகிறது. ஜன்னல் விளிம்பு முழுக்க மஞ்சள் இலை. நேற்று வேலையிலிருந்து வந்து பார்த்தால் இரண்டு கிளையில் ஒன்றுமே இல்லை.

அவர் எனக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் பக்கத்தில் போனாலே, "தொடாத, பால் கண்ணுல பட்டா எரியும், அப்புறம் உங்க கடைக் கண்ணாடிதான் உனக்கு" என்பார். குடித்தனம் நடத்தினேன், சரி. அது அவரோடு. செடியோடு அவர் தனியாகக் குடித்தனம் நடத்தினார்.

தினமும் வேலைக்குப் போகும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுகிறேன். இலை கொட்டத் தொடங்கியதும் இரண்டாக்கினேன். பக்கத்து ரூம் நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "குடிக்க வெச்சுக்கிட்டே இருங்க, டீஹைட்ரேஷன் மாதிரிதான் தெரியுது" என்றாள். அவள் மனுஷர்களைப் பார்க்கிற நர்ஸ். இருந்தாலும் கேட்க ஆறுதலாக இருந்தது.

நான் என்ன செய்ய வேண்டும்? செடியைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

*

டிசம்பர் 27

தண்ணீரை நிறுத்து. இந்தக் கடிதம் கையில் கிடைக்கும்போது டம்ளர் கையில் இருந்தால் கீழே வை.

அது தூங்குகிறது. ஆப்பிரிக்க வெயில் குடித்த சாதி அது. குளிர் வந்தால் இலையைக் கொட்டிவிட்டு மொட்டைக் குச்சியாக நிற்கும். செத்த மாதிரி இருக்கும், சாகாது. அதன் தண்ணீரெல்லாம் அடியில் அந்தக் குண்டு வயிற்றில் இருக்கிறது. குளிர் முடியும்வரை அதை வைத்தே ஓட்டிவிடும். தூங்குகிறவன் வாயில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

ஹீட்டர் இருந்தால் பக்கத்தில் வை, ஒட்டி வைக்காதே. மண்ணுக்கு மேலே தெரியும் வயிற்றைக் கட்டை விரலால் அழுத்திப் பார். பச்சை உருளைக்கிழங்கு மாதிரி கல்லென்று இருந்தால் பயமில்லை. வெந்த உருளைக்கிழங்கு மாதிரி இருந்தால் அன்றைக்கே எழுது. எழுதாதே, போன் செய். பேரம் பேசமாட்டேன்.

மாமா

*

ஜனவரி 8

மாமாவுக்கு,

போன் செய்ய இரண்டு தடவை எண்ணைப் போட்டேன். உங்கள் குரலைக் கேட்டால் ஆஸ்பத்திரி வராந்தா வருகிறது. முடியவில்லை. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

தண்ணீரை நிறுத்திவிட்டேன். ஆனால் ஜன்னல் பக்கம் இருக்கும் வயிறு அழுந்துகிறது. விரல் வைத்தால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கிறது. ஒரு வாடையும் இருக்கிறது, பூச்சாடியில் பழைய தண்ணீர் நாறுமே, அந்த மாதிரி.

எனக்குப் புரியாதது ஒன்று. தண்ணீரை நிறுத்தி ஒரு வாரமாகியும் உள்ளே காயவே இல்லை. மேலே கூழாங்கல் காய்ந்து கிடக்கிறது. பென்சிலை விட்டுப் பார்த்தேன், ஈரமாக வருகிறது. நீங்கள் வைத்து அனுப்பினீர்களே, தண்டைச் சுற்றி, கல்லுக்கு அடியில் அந்தத் தேங்காய் நார்த்தூள், அதைப் பிழிந்தால் இப்போதும் தண்ணீர் சொட்டும் போலிருக்கிறது.

அந்த நாரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே வந்து பார்சலைப் பிரித்தபோது மேல் மண் தெரியாமல் அவ்வளவு பதமாக அழுத்தி வைத்திருந்தது. முகத்தைக்கூடப் பார்க்காமல் அனுப்பிய மனுஷன், செடியைப் போர்த்தி அனுப்பியிருக்கிறாரே என்று நினைத்தேன். அதனால்தான் அதை எடுக்கவில்லை. அது கலையக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினேன்.

*

ஜனவரி 13

அம்மா,

உன் கடிதத்தைக் கல்லாவில் உட்கார்ந்து படித்தேன். எதிரே நின்ற வாடிக்கையாளர், "சில்லறை கொடுங்க" என்று மூன்று தடவை கேட்டாராம். பிறகு ஆட்கள் சொன்னார்கள்.

அந்த நார் போர்வை இல்லை. அது பாக்கிங்.

வெளியூர் போகும் எந்தத் தொட்டியானாலும் எங்கள் ஆட்கள் மண்ணுக்கு மேல் ஈர நார்த்தூளை அடைத்து, அதன்மேல் கல்லைப் பரப்பித்தான் அனுப்புவார்கள். லாரி குலுக்கலில் மண் கொட்டாமல் இருக்க. நீ தொட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது அவர்களும் அதை வாங்கி வழக்கம்போல அடைத்துக் கட்டியிருக்கிறார்கள். யாரும் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்றில்லை. கை தானாகச் செய்யும் வேலை.

அந்த நார் தொட்டியில் இரண்டு நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால் பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொண்டு தண்டை அழுக வைக்கும். அதனால்தான் கேட்டைத் தாண்டும் ஒவ்வொருவரிடமும் நானே நின்று சொல்வேன். உனக்கே தெரியும், நீயே என்னை மாதிரி பேசிக் காட்டி அவனைச் சிரிக்க வைத்திருக்கிறாய்: "வீட்டுக்குப் போனதும் நார்த்தூளை எடுத்துடுங்க. ஒரு வாரம் தண்ணி காட்டாதீங்க. வெயில்ல வைங்க. பால் கையில பட்டா கழுவிடுங்க." குழந்தை வந்தாலும் சொல்வேன், அமைச்சர் வந்தாலும் சொல்வேன். வருடக்கணக்கில் வாங்கும் ஆள், "எத்தனை தடவைய்யா சொல்வே" என்று திட்டினாலும் சொல்வேன். ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லிப் பழகியது உன் தொட்டிக்கும்தான் என்று உனக்கு எப்படித் தோன்றும்? அன்றைக்கு நான் ஆபீஸ் ரூமில் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். ஆட்டோ கிளம்பிய சத்தம் கேட்டது. திரும்பவில்லை.

இனி இதில் பேசிப் பயனில்லை. செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

செடியைத் தொட்டியிலிருந்து எடு. வேரைக் கழுவு. புது பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, அழுந்தும் இடத்தை வெட்டு. வெட்டிய இடம் பழுப்பாக இருந்தால் இன்னும் வெட்டு. வெள்ளை வரும்வரை நிறுத்தாதே, பாவம் பார்க்காதே. வெள்ளை வந்துவிட்டால் பூஞ்சை மருந்துப் பொடியைத் தடவி, நிழலில் தலைகீழாகத் தொங்க விடு. செடி பிழைக்கும். பால் விஷம், கண்ணில் கை வைக்காதே.

பழுப்பு கழுத்துவரை ஏறியிருந்தால் அடிப்பகுதி போய்விட்டது. அப்போது ஒரே வழிதான். மேல் கிளைகளை வெட்டி, இலை இருந்தால் கிள்ளிவிட்டு, காய்ந்த செய்தித்தாளில் சுற்றி எனக்கு அனுப்பு. ஈரத்துணி வேண்டாம். இங்கே வெயில் இருக்கிறது, ஒட்டுக்கு அடியில் வைக்க வேர்க்கன்று இருக்கிறது.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். நாலு குச்சி கேட்டவன் இப்போது எல்லாக் குச்சியையும் கேட்கிறான் என்று. என்மேல் நம்பிக்கை இல்லையென்றால் அங்கேயே வேறு நர்சரியில் கொடு. ஆனால் கொடு.

மாமா

*

ஜனவரி 22

மாமாவுக்கு,

குளியலறைத் தரையில் செய்தித்தாள் விரித்து வெட்டினேன். நர்ஸ் கையுறை கொடுத்தாள். வாசலில் நின்று, "இன்னும் வெட்டுங்க, ஓரத்துல கறுப்பு தெரியுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மனுஷர்களுக்கும் இப்படித்தானா என்று கேட்டேன். சில சமயம் என்றாள்.

வெள்ளை வரவில்லை. வெட்ட வெட்டப் பழுப்பு. நடுவில் ஒரு வளையம், அதைத் துரத்திக்கொண்டே மேலே போனேன். அவர் இத்தனை வருடம் பார்த்துப் பார்த்து உருட்டிய வயிறு வாளியில் துண்டு துண்டாகக் கிடந்தது. கழுத்தில் வந்து நின்றேன். அங்கேயும் ஊசி முனை அளவு பழுப்பு.

கிளைகளை இங்கே ஒரு நர்சரிக்குத்தான் முதலில் கொண்டுபோனேன். உங்களிடம் கொடுக்கக் கூடாது என்றுதான். அந்த ஆள் குச்சியை உருட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் குளிர்ல இதை யாரு கட்டுவா? அடினியம்தானே, புதுசா ஒண்ணு எடுத்துக்கங்க, ஆஃபர்ல இருக்கு" என்றார். எந்தச் செடியைக் காட்டினார் தெரியுமா? ரோஸ் கலர் பூ.

பார்சல் இன்று கிளம்புகிறது. கிளை ஐந்து. எது எந்தப் பக்கத்தில் இருந்தது என்று நூல் கட்டியிருக்கிறேன். அது உங்களுக்குத் தேவையில்லை, எனக்குத் தேவையாக இருந்தது.

ஒரே நிபந்தனை. இதிலிருந்து ஒரு இலைகூட அந்த மொத்த வியாபாரி கண்ணில் படக் கூடாது.

வெட்டியதில் அடித்துண்டு ஒன்றை எறியவில்லை. ஜன்னலில் வைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

*

பிப்ரவரி 24

அம்மா,

பார்சல் ஒழுங்காக வந்தது. நன்றாகச் சுற்றியிருந்தாய். கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தால் பாக்கிங்கில் போட்டிருப்பேன்.

நல்ல செய்தி எழுதலாம் என்று இத்தனை நாள் தள்ளினேன். வரவில்லை. உள்ளதை எழுதுகிறேன்.

இங்கே ஒட்டுக் கட்டும் அக்காவிடம் மூன்று கொடுத்தேன். நான் இரண்டு வைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் ஒரே கையில் கொடுப்பது வியாபாரிக்கு அழகில்லை, அதனால் பிரித்தேன். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், அவன் பிளேடு டப்பாவைத் திறக்க வேண்டியிருந்தது. அதை வேறு யார் கையிலும் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

நான் ஒட்டுக் கட்டி எத்தனையோ காலம் ஆகிறது. தள்ளுவண்டியில் செடி விற்ற நாளில் கட்டியது. பிறகு ஆள் வைத்தேன், அப்புறம் அவன் வந்தான், நான் கல்லாவில் உட்கார்ந்துவிட்டேன். என் கை இப்போது நோட்டு எண்ணும் கை. கன்றின் தலையை 'வி' மாதிரி கீறி, குச்சியின் அடியை ஆப்பு மாதிரி சீவி உள்ளே இறக்க வேண்டும். தோலோடு தோல் சேர வேண்டும். ஆடாமல் செய்தால்தான் சேரும். அக்கா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "முதலாளி, மூச்சைப் பிடிச்சுக்கங்க, இல்ல விட்டுடுங்க, ரெண்டுக்கும் நடுவுல நிக்காதீங்க" என்றாள்.

எல்லாவற்றுக்கும் பாலித்தீன் பை மாட்டி நிழலில் வைத்தோம். பருவம் தப்பி ஒரு மழை வந்தது. விடாமல் பெய்தது. வெயில் இருக்கிறது என்று உனக்கு எழுதினேனே, அந்த வெயில் அன்றோடு காணாமல் போனது. அக்கா கட்டிய மூன்றும் பைக்குள்ளேயே கறுத்துவிட்டன. தப்பு அவள்மேல் இல்லை. நான் கட்டியதில் ஒன்று சுருங்கிவிட்டது. மிச்சம் ஒன்று. உயிர் இருக்கிறதா, இல்லை வாட நேரம் எடுத்துக்கொள்கிறதா என்று சொல்லத் தெரியவில்லை. பையைப் பிரித்துப் பார்க்கக் கூடாது.

மொத்த வியாபாரி வந்தார். "என்னங்க நம்ம கறுப்பு ராணி?" என்றார். செடிக்குப் பெயரே வைத்துவிட்டார். செத்துப்போச்சு என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பினேன். சொன்ன பிறகு அது பொய்யா நிஜமா என்று எனக்கே தெரியவில்லை.

மாமா

*

ஏப்ரல் 6

மாமாவுக்கு,

அதற்குப் பிறகு உங்களிடமிருந்து ஒன்றுமில்லை. நல்ல செய்தி வரட்டும் என்று மறுபடியும் காத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த அன்றைக்கும் அதைத்தான் செய்தீர்கள். காலையிலேயே டாக்டர் கையை விரித்துவிட்டார். நான் கண்ணாடிக் கடையில் யாரோ ஒருவருக்கு மூக்குப் பிடி சரிசெய்துகொண்டிருந்தேன். நீங்கள் எனக்குப் போன் செய்தது மதியம். "கொஞ்சம் தெளியட்டும்னு பார்த்தேம்மா" என்றீர்கள். நான் வந்து சேர்ந்தபோது அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. காலையில் தெரிந்திருக்கும்.

செடியை விற்கப் பார்த்தீர்கள் என்ற கோபத்தில் நான் போனதாக ஊரெல்லாம் சொல்லியிருப்பீர்கள். அதுவும்தான். ஆனால் அது மேல் மண். அடியில் இருந்தது இது.

சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் நீங்கள் எனக்கு மட்டும் சொல்லவில்லை. அவர் விஷயத்திலும் சரி, நார் விஷயத்திலும் சரி.

ஜன்னலில் வைத்திருந்த துண்டு சுருங்கி எலும்பு மாதிரி ஆகிவிட்டது. நேற்று குப்பையில் போட்டேன். ஜன்னலைத் திறந்தேன்.

அந்த ஒன்று என்ன ஆனது? செத்திருந்தால் செத்துவிட்டது என்று எழுதுங்கள். காத்திருக்க வைக்காதீர்கள்.

*

ஏப்ரல் 12

அம்மா,

சாகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பையை எடுத்தாகிவிட்டது. ஒட்டுக்கு மேலே இரண்டு இலை. அதற்கு மேல் நம்பிக்கை கொடுக்கும் அளவுக்கு ஒன்றுமில்லை. கட்டியது யார் என்று கேட்காதே. முடிச்சைப் பார்த்தாலே தெரியும், சாக்குமூட்டை கட்டிய மாதிரி கோணலாக இருக்கிறது.

மற்றதற்குப் பதில். ஆமாம். காலையில் டாக்டர் சொன்னார். நான் வராந்தாவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் எண்ணைப் போட்டுப் போட்டு அழித்தேன். சொன்னால் நிஜமாகிவிடும் என்று இருந்தது. இத்தனை வருடம் வாயை விற்றுப் பிழைத்தவனுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. காரணம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். உன்னிடமிருந்து அந்தக் காலையை நான் எடுத்துவிட்டேன். அதைத் திருப்பித் தர என்னிடம் எதுவும் இல்லை.

இனி வாரம் ஒரு கடிதம் வரும். நல்லதோ கெட்டதோ.

மாமா

*

மே 30

அம்மா,

போன வாரக் கடிதத்தில் மொட்டு என்று எழுதினேன். நிறம் தெரியவில்லை, வேர்க்கன்றின் பூவாக இருந்தாலும் இருக்கும் என்றும் எழுதினேன். இன்று காலை பார்த்தேன். நுனி கருகியிருக்கிறது.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள், "கரிச்சட்டிதான் முதலாளி" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மண் கலக்கப் போய்விட்டாள்.

இதைப் பார்சலில் அனுப்பமாட்டேன். நீ வந்து எடுத்துக்கொண்டு போ. உன்னைத் தங்கச் சொல்லமாட்டேன், பேசச் சொல்லமாட்டேன். விரிய இன்னும் ஒரு வாரம் ஆகும், அதன்பிறகு பூ நாலைந்து நாள் நிற்கும்.

மாமா

*

ஜூன் 14

மாமாவுக்கு,

செடி பத்திரமாக வந்து சேர்ந்தது. பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர், "செயற்கைப் பூவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கத் தெம்பு இல்லை.

உங்களுக்கு உடம்பு இவ்வளவு இளைத்திருக்கும் என்று நினைக்கவில்லை. கடிதத்தில் அது தெரியவில்லை. கடிதத்தில் நீங்கள் பழைய மாதிரியேதான் இருக்கிறீர்கள்.

கேட்டில் நீங்கள் நின்றீர்கள். ஆட்டோக்காரர் அவசரப்படுத்தினார். நீங்கள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, என்னை யாரோ வாடிக்கையாளரைப் பார்ப்பது மாதிரி பார்த்து, "வீட்டுக்குப் போனதும் நார்த்தூளை எடுத்துடுங்க" என்று தொடங்கினீர்கள். தொட்டியில் நாரே இல்லை. வெறும் மணலும் கல்லும்தான். எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இருந்தும் நாலையும் சொல்லி முடித்தீர்கள். நான் "சரிங்க" என்றேன். தொட்டியை உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. அந்தக் காலை எனக்கு இனி கிடைக்காது. ஆனால் ஒரே செடி வைத்திருப்பது பற்றி நீங்கள் சொன்னது சரி. என் கையில் ஒரு தடவை செத்தாகிவிட்டது. இன்னொரு தடவை நான் தாங்கமாட்டேன்.

அதனால் வியாபாரம் பேசுகிறேன். பக்கக்கிளை முற்றியதும் நானே வெட்டி அனுப்புகிறேன். ஒட்டுக் கட்டுங்கள். விற்கவும் விற்கலாம். என் விலை என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

*

ஜூன் 20

அம்மா,

விலை தெரிந்தது. பேரம் பேசவில்லை. பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

தாய்ச்செடி உன்னுடையது. எந்தக் கிளையை, எப்போது, எத்தனை என்பது உன் சொல். வெட்டும் கை உன் கை, கட்டும் கை இங்கே. அக்கா கட்டுவாள், நான் பக்கத்தில் நின்று மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். பெயர் கரிச்சட்டி, ராணியும் இல்லை ராஜாவும் இல்லை. மொத்த வியாபாரிக்குக் கிடையாது. லாரியில் ஏற்றி யாருக்கும் கிடையாது. வேண்டுமென்பவர் நேரில் வந்து கையில் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

காசில் எனக்கு வேண்டியது மண்ணுக்கும் தொட்டிக்கும் கூலிக்கும் ஆனது மட்டும். மிச்சம் உனக்கு. வேண்டாம் என்று எழுதாதே, அது கருணை இல்லை, சரக்கு உன்னுடையது.

நீ கேட்ட விலை இதுதானே: ஒவ்வொரு செடியும் கேட்டைத் தாண்டும்போது வாங்குகிறவர் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தையையும் நானே சொல்வேன். அவசரம் என்றாலும், தெரியும் என்றாலும், சண்டை என்றாலும். நான் கேட்டில் நிற்க முடியாத நாளில் விற்பனை இல்லை. நான் போன பிறகு, நீ வந்து நின்று சொன்னால் உண்டு. இல்லையென்றால் அதோடு நிறுத்தம்.

மாமா